மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் லிப்பிட் நானோ துகள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கிண்டியிலோ தரமணியிலோ குரோம்பேட்டையிலோ ஓர் ஆய்வகத்தில் முதுநிலை புராஜெக்ட்டுக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். வழிகாட்டி உங்களிடம் “எஸ்ஐஆர்என்ஏ, நானோ துகள்” என்று இரண்டு சொற்களைத் தந்துவிட்டு, ஒரு மாதத்தில் முதல் தரவைக் காட்டச் சொல்லியிருக்கிறார். எஸ்ஐஆர்என்ஏ என்பது ஒரு மரபணுவை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ., அதைச் செல்லுக்குள் சுமந்துபோவது நானோ துகள். இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவர்களுக்கு. உயிரியல் படித்து வந்தவர்களுக்கு லிப்பிட் வேதியியல் புதிதாக இருக்கும், மருந்தியல் படித்து வந்தவர்களுக்குச் செல் வளர்ப்பு புதிதாக இருக்கும். இரு தரப்பையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துகள் செல்லுக்குள் போய்விட்டது என்பதற்கும் மரபணு அடங்கிவிட்டது என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் சிவப்பாக மின்னும் அழகான படம் கிடைத்ததும் பலர் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் அளக்க வேண்டியது எம்ஆர்என்ஏ (புரதம் உருவாக்க மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. நகல்) எவ்வளவு குறைந்தது என்பதை. துகளின் வடிவமைப்பு முழுவதையும் அந்த அளவீட்டிலிருந்து பின்னோக்கி யோசித்து வந்தால் குழப்பம் பாதியாகக் குறையும்.

செல்லுக்குள் என்ன நடக்க வேண்டும்

1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சின்னஞ்சிறு புழுவில் இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஒரு மரபணுவை அடக்குவதைக் காட்டினார்கள். 2006-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2001-இல் தாமஸ் டுஷலின் குழு, 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள குட்டி இரட்டை இழையைக் கொண்டு பாலூட்டிகளின் செல்களிலும் இதைச் செய்யலாம் என்று காட்டியது. நாம் எஸ்ஐஆர்என்ஏ என்று சொல்வது அந்த 21-ஐத்தான். இரண்டு இழைகளும் 19 இடங்களில் இணைந்திருக்கும், ஒவ்வோர் இழையின் 3' முனையிலும் இரண்டு நியூக்ளியோடைடுகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

சைட்டோபிளாசத்தை அடைந்ததும் ஆர்கோநாட் 2 என்ற புரதம் இதை ஏற்றுக்கொண்டு, ஓர் இழையைக் கழித்துவிட்டு, மற்ற இழையை வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறது. அந்த வழிகாட்டி இழையோடு பொருந்தும் எம்ஆர்என்ஏவைக் கண்டால் வெட்டிவிடும். ஒரே வழிகாட்டி இழை பல எம்ஆர்என்ஏக்களை அடுத்தடுத்து வெட்டும் என்பதால், மிகக் கொஞ்சம் எஸ்ஐஆர்என்ஏ சைட்டோபிளாசத்தைச் சேர்ந்தாலே போதும்.

அந்தக் கொஞ்சத்தைச் சேர்ப்பதுதான் பாடு. எஸ்ஐஆர்என்ஏவின் எடை சுமார் 13,300 டால்டன், அதன் மேல் ஏறத்தாழ 40 எதிர்மின் சுமைகள். செல் சவ்வைத் தானாகத் தாண்ட அதனால் முடியாது. இரத்தத்தில் வெறுமனே விட்டால் நொதிகள் தின்றுவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம் நிமிடங்களில் வடிகட்டி வெளியேற்றிவிடும். துகளுக்குள் பொதிந்து அனுப்பினால் செல் அதை விழுங்கி எண்டோசோம் என்ற பைக்குள் வைத்துக்கொள்ளும். தெருவிலிருந்து வந்தவர் திண்ணையோடு நின்றுபோவது மாதிரி இது: வந்தாயிற்று, ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. எண்டோசோமிலிருந்து தப்பிச் சைட்டோபிளாசத்தை அடையும் எஸ்ஐஆர்என்ஏ, உள்ளே போனதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் என்று 2013-இல் வெளியான அளவீடுகள் காட்டின. மிச்சமெல்லாம் லைசோசோமில் அழிகிறது, அல்லது வெளியே திருப்பி அனுப்பப்படுகிறது.

எந்தத் துகளைத் தேர்ந்தெடுப்பது

நம் ஊரில் கைட்டோசான் துகளோடு தொடங்கும் ஆசை வருவது இயல்பு. இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் பொருள், விலை குறைவு, டிரைபாலிபாஸ்பேட்டோடு கலந்தால் துகள் தானாக உருவாகும். கையைப் பழக்க நல்லதுதான். ஆனால் அதன் அமீன் குழுக்களின் பி.கே.ஏ. (அவற்றில் பாதி சுமையோடு இருக்கும் பி.எச்.) 6.5-ஐ ஒட்டியிருப்பதால், இரத்தத்தின் பி.எச். ஆன 7.4-இல் பெரும்பகுதி சுமையை இழந்து ஆர்.என்.ஏ.வைத் தளரவிடும். ஒவ்வொரு தொகுதியிலும் மூலக்கூறு எடையும் அசெட்டைல் நீக்க அளவும் மாறும், அதோடு உங்கள் முடிவும் மாறும். பாலிஎத்திலீன்இமைன் செல்லுக்குள் நன்றாகக் கொண்டுபோகும், கூடவே செல்லையும் கொல்லும்.

என் பரிந்துரை, முதல் புராஜெக்ட்டுக்கு லிப்பிட் நானோ துகள். காரணம் எளிது: மருந்தாகி மனிதர்களுக்குப் போய்ச் சேர்ந்த செய்முறை அதற்கு இருக்கிறது. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாடிசிரன், உலகின் முதல் எஸ்ஐஆர்என்ஏ மருந்து. பரம்பரையாக வரும் டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டோசிஸ் என்ற நரம்பைத் தாக்கும் நோய்க்கானது. கல்லீரலில் அந்தப் புரதம் உருவாவதை அது அடக்குகிறது. அதன் கலவை வெளிப்படையாகத் தெரிந்தது என்பதால், உங்கள் துகள் வேலை செய்யவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் இருக்கும். (பிறகு வந்த கிவோசிரன், இன்க்லிசிரன் போன்றவை துகளே இல்லாமல், கால்நாக் என்ற சர்க்கரையை எஸ்ஐஆர்என்ஏவோடு நேரடியாகக் கட்டிக் கல்லீரலுக்கு அனுப்புபவை. அது தனிக் கதை.)

பாடிசிரனில் நான்கு லிப்பிடுகள், மோல் விகிதம் 50 : 10 : 38.5 : 1.5. முதலாவது எம்சி3 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அயனியாகும் லிப்பிட். இரண்டாவது டிஎஸ்பிசி என்ற பாஸ்போலிப்பிட், மூன்றாவது கொலஸ்ட்ரால், நான்காவது பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலி ஒட்டிய லிப்பிட். பெரும்பாலான வேலை முதலாவதன் தலையில்.

எம்சி3 துகளின் பி.கே.ஏ. 6.44. பி.எச். 4-இல் அது முழுக்க நேர்மின் சுமையோடு இருந்து ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தின் 7.4-இல் ஏறக்குறைய சுமையற்றுப்போய் வம்புக்குப் போகாமல் இருக்கிறது. எண்டோசோம் அமிலமாகி 6-க்கும் கீழே இறங்கும்போது மறுபடி சுமை ஏறி, எண்டோசோம் சவ்வின் எதிர்மின் லிப்பிடுகளோடு கைகோத்து, அந்தச் சவ்வின் அடுக்கைக் குலைக்கிறது. எம்சி3-இன் இரண்டு வால்களும் விரிந்து கூம்பு வடிவில் இருப்பது இதற்கு உதவுகிறது. கல்லீரலுக்கான துகளுக்குப் பி.கே.ஏ. 6.2 முதல் 6.5 வரை இருந்தால் மரபணு அடக்கம் உச்சத்தில் இருக்கிறது என்று 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. துகளின் வடிவமைப்பில் ஒரே ஓர் எண்ணை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

பெக் லிப்பிடைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதைக் கூட்டினால் துகள் சிறியதாகும், ஒன்றோடொன்று ஒட்டாது, அளவிடும் கருவியில் வரைபடம் அழகாக வரும். ஆனால் செல் அதை விழுங்குவதும், எண்டோசோமிலிருந்து அது தப்புவதும் குறையும். 1.5 சதவீதத்திலேயே தொடங்குங்கள்.

எந்த மரபணுவை அடக்குவது

புற்றுநோய் மரபணு ஒன்றைத்தான் தொட வேண்டும் என்று முதல் நாளே அடம்பிடிக்காதீர்கள். பச்சை ஒளிர் புரதத்தையோ லூசிஃபெரேஸையோ நிரந்தரமாக உருவாக்கும் செல் வரிசை கிடைத்தால் அதுவே சிறந்த தொடக்கம். இல்லையென்றால் நிறைய உருவாகும், எளிதில் அளக்கக்கூடிய ஜிஏபிடிஹெச் போன்ற ஒரு மரபணு. துகள் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு உங்களுக்குப் பிடித்த மரபணுவுக்குப் போகலாம். புதிய துகள், புதிய எஸ்ஐஆர்என்ஏ வரிசை இரண்டையும் ஒரே நேரத்தில் சோதித்துத் தோற்றால், தோற்றது எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வரிசையை நீங்களே வடிவமைப்பதானால் ஜி, சி பங்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வழிகாட்டி இழையின் 2 முதல் 8 வரையிலான இடங்கள் வேறு மரபணுக்களோடு பொருந்தினால் அவையும் அடங்கும் என்பதால் அந்தப் பகுதியைக் கவனித்துத் தேடிப் பாருங்கள். ஒரே மரபணுவுக்கு இரண்டு வெவ்வேறு வரிசைகளாவது வாங்குங்கள். கூடவே எதையும் குறிவைக்காத கட்டுப்பாட்டு வரிசை ஒன்று கட்டாயம்.

ஆர்டர் செய்யும் நேரத்தைப் பற்றிச் சென்னைக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். எஸ்ஐஆர்என்ஏ உலர்ந்த பொடியாக வந்தால் சாதாரண வெப்பநிலையில் பயணத்தைத் தாங்கும். லிப்பிடுகள் அப்படியல்ல. வெள்ளிக்கிழமையோ பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாளோ பார்சல் வந்து, சேமிப்புக் கிடங்கில் நின்றுபோகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. உங்கள் உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். எஸ்ஐஆர்என்ஏவைக் கரைத்த பிறகு சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள், ஒரு பங்கைப் பொடியாகவே விட்டு வையுங்கள்.

கணக்கு

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஆகவே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். 100 மைக்ரோகிராம் எஸ்ஐஆர்என்ஏ எடுப்போம். ஒரு நியூக்ளியோடைடுக்குச் சராசரி 330 என்று வைத்தால், பாஸ்பேட் சுமார் 300 நானோமோல். அயனியாகும் லிப்பிடின் நைட்ரஜனுக்கும் ஆர்.என்.ஏ.வின் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதத்தை 3 என்று கொள்வோம். பாடிசிரனும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. எம்சி3-இல் ஒரே ஒரு நைட்ரஜன், ஆக எம்சி3 900 நானோமோல் தேவை. அது மொத்த லிப்பிடில் 50 சதவீதம் என்பதால் மொத்தம் 1,800 நானோமோல். அதில் டிஎஸ்பிசி 180, கொலஸ்ட்ரால் 693, பெக் லிப்பிட் 27 நானோமோல்.

எடையாக மாற்றினால் எம்சி3 சுமார் 578 மைக்ரோகிராம், டிஎஸ்பிசி 142, கொலஸ்ட்ரால் 268, பெக் லிப்பிட் 68. கூட்டினால் ஏறத்தாழ 1,050 மைக்ரோகிராம், அதாவது ஆர்.என்.ஏ.வைப் போல பத்து மடங்குக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய எடைகளைத் தராசில் நிறுத்த முயலாதீர்கள். ஒவ்வொரு லிப்பிடையும் எத்தனாலில் அடர்கரைசலாக வைத்துக்கொண்டு பிப்பெட்டால் எடுங்கள்.

கலப்பது

லிப்பிடுகளை 0.25 மில்லிலிட்டர் எத்தனாலில், எஸ்ஐஆர்என்ஏவை 0.75 மில்லிலிட்டர் சிட்ரேட் தாங்கல் கரைசலில், பி.எச். 4-இல் வையுங்கள். எத்தனாலுக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் தனி அனுமதியும் கணக்குப் பதிவேடும் உண்டு, அதை முன்பே விசாரித்து வையுங்கள்.

நம் ஊரின் ஈரப்பதம் லிப்பிடுகளுக்கு எதிரி. உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே பனித்துளியாகப் படியும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டு அப்புறம் திறங்கள். எம்சி3-இன் வால்களில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, காற்று பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும். மீதியை நைட்ரஜனோ ஆர்கானோ ஊதி மூடுங்கள். குளிரூட்டிய அறையில் டிஎஸ்பிசியும் கொலஸ்ட்ராலும் எத்தனாலிலிருந்து பிரிந்து வெள்ளையாக மிதக்கலாம். லேசாகச் சூடாக்கித் தெளிவாக்கிய பிறகே கலக்க வேண்டும். கலங்கிய கரைசலிலிருந்து நல்ல துகள் வராது.

ஆர்.என்.ஏ. பக்கத்தில் வியர்வைதான் கவலை. தோலில் ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏஸ் நொதி இருக்கிறது, மே மாதத்தில் நம் கைகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். ஆட்டோகிளேவ் செய்த தண்ணீர் போதும் என்று நம்ப வேண்டாம், அந்த நொதி அந்தச் சூட்டையும் தாங்கி மீளக்கூடியது. ஆர்.என்.ஏஸ் இல்லாதது என்று உறுதி செய்த தண்ணீரை வாங்குங்கள்.

இரண்டு கரைசல்களும் சந்திக்கும் வேகம்தான் துகளின் அளவைத் தீர்மானிக்கிறது. எத்தனால் மில்லிநொடிகளில் நீர்த்துப்போனால் லிப்பிடுகள் ஒரே நேரத்தில் கூடி, ஒரே அளவான சிறிய துகள்களைத் தரும். நிதானமாகக் கலந்தால் பெரிதும் சிறிதுமாக வரும். நுண்தடக் கலப்பான் இருந்தால் தண்ணீர்ப் பக்கம் மூன்று, எத்தனால் பக்கம் ஒன்று என்ற விகிதத்தில், மொத்தம் நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர் வேகம் என்பது பலரும் பயன்படுத்தும் தொடக்கப்புள்ளி. அது இல்லாவிட்டால் இரண்டு சிரிஞ்ச் பம்புகளையும் ஒரு ‘டி’ வடிவ இணைப்பையும் வைத்துச் செய்யலாம். அதுவும் இல்லையா, தண்ணீர்ப் பக்கத்தைச் சுழற்றியபடி எத்தனாலை ஒரே மூச்சில் பிப்பெட்டால் செலுத்துங்கள். துகள் கொஞ்சம் பெரிதாக வரும், ஆனால் செல்லில் முதல் சோதனைக்கு அது போதும். கருவிக்காக ஆறு மாதம் காத்திருப்பதைவிட இது மேல்.

கலந்ததை அப்படியே மேசையில் விடாதீர்கள். எத்தனால் இருக்கும்வரை துகள் வளர்ந்துகொண்டே போகும். உடனே பி.எச். 7.4 உள்ள பாஸ்பேட் உப்புக் கரைசலில் டயாலிசிஸுக்குப் போடுங்கள், இரவு முழுக்க இருக்கட்டும். பிறகு 4 டிகிரியில் வையுங்கள். சர்க்கரை எதுவும் சேர்க்காமல் உறையவைத்தால் துகள் உடைந்துபோகும்.

துகளைச் சோதிப்பது

ஒளிச் சிதறல் கருவியில் அளவு 60 முதல் 100 நானோமீட்டர், பரவல் குறியீடு (துகள்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.2-க்குக் கீழே என்றால் நன்று. மாதிரியை நீர்க்கச் செய்யாமல் போட்டாலோ எத்தனால் மிச்சம் இருந்தாலோ பாகுநிலை மாறி எண் பொய் சொல்லும். மேற்பரப்பு மின்னழுத்தத்தை உப்பு குறைந்த கரைசலில் அளங்கள், 7.4-இல் அது பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

எவ்வளவு ஆர்.என்.ஏ. உள்ளே அடைபட்டது என்பதற்கு ரைபோகிரீன் சாயம். துகளை அப்படியே ஒரு முறையும், டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளைப் போட்டு உடைத்து ஒரு முறையும் அளந்தால், முதலாவது வெளியே இருப்பதையும் இரண்டாவது மொத்தத்தையும் தரும். 90 சதவீதத்துக்கு மேல் அடைபட்டிருக்க வேண்டும். இந்தச் சாயம் குட்டி இரட்டை இழையோடு, அதிலும் வேதி மாற்றம் செய்த இழையோடு, மங்கலாகவே ஒளிரும். ஆகவே சாயத்தோடு வந்த தர ஆர்.என்.ஏ.வை நம்பாமல், உங்கள் எஸ்ஐஆர்என்ஏவையே வைத்து, டிரைட்டான் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு தர வரைகோடுகள் போடுங்கள்.

பி.கே.ஏ.வை டிஎன்எஸ் (TNS) சாயத்தால் அளக்கலாம். பல பி.எச். தாங்கல்களில் துகளோடு கலந்து, ஒளிர்வு பாதியாகும் பி.எச்.ஐப் பாருங்கள். சாதாரண ஒளிர்வுத் தட்டு வாசிப்பான் போதும், ஒரு மதியத்தில் முடியும். அளவும் மின்னழுத்தமும் மட்டும் பார்த்துவிட்டுச் செல்லுக்கு ஓடுகிற புராஜெக்ட்டுகளில் இந்த ஒரு சோதனை விடுபடுவது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனென்றால் துகள் எண்டோசோமில் என்ன செய்யும் என்பதைச் செல்லே இல்லாமல் முன்கூட்டிச் சொல்வது இதுதான்.

செல்லில்

செல்களுக்குப் புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்தை அணுகலாம். நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் தேவையா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். செல் வரிசைகளில் ஹீலா எளிது, ஹெப்ஜி2 கல்லீரல் சார்ந்த கேள்விக்குப் பொருத்தம்.

24 குழித் தட்டில், குழிக்கு அரை மில்லிலிட்டர் ஊடகம். முந்தைய நாளே செல்களை இட்டு, மறுநாள் குழியின் பாதிக்குச் சற்று மேல் நிரம்பியிருக்கும்போது துகளைச் சேருங்கள். எஸ்ஐஆர்என்ஏ 50 நானோமோலார் என்றால் குழிக்கு 25 பிகோமோல், அதாவது 0.33 மைக்ரோகிராம். 1, 5, 10, 25, 50, 100 நானோமோலார் என்று ஏற்றிக்கொண்டே போய்ப் பாருங்கள். ஒரே ஒரு அளவில் செய்த சோதனை எதையும் சொல்லாது.

சீரம் இல்லாத ஊடகத்தில் செய்யும் பழக்கம் வணிக டிரான்ஸ்ஃபெக்ஷன் திரவங்களிலிருந்து வந்தது. எம்சி3 போன்ற துகளுக்கு அது பாதகம். சீரத்திலிருந்து வரும் அபோலிப்போபுரதம் ஈ துகளின் மேல் ஒட்டி, செல்லின் எல்டிஎல் ஏற்பியைப் பிடித்துக்கொள்வதால்தான் துகள் உள்ளே போகிறது. சீரம் வேண்டாமென்றால் அந்தப் புரதத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கட்டுப்பாடுகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். எதுவும் சேர்க்காத செல், ஆர்.என்.ஏ. இல்லாத வெற்றுத் துகள், கட்டுப்பாட்டு வரிசை பொதிந்த துகள், துகள் இல்லாத வெறும் எஸ்ஐஆர்என்ஏ, நன்கு தெரிந்த வணிகத் திரவத்தோடு அதே எஸ்ஐஆர்என்ஏ: இவை ஐந்தும் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு வரிசையிலும் எம்ஆர்என்ஏ குறைந்தால் நீங்கள் பார்ப்பது அடக்கம் அல்ல, லிப்பிட் நஞ்சு. செல்கள் உயிரோடு உள்ளனவா என்று காட்டும் எம்டிடி சோதனையை அதே அளவுகளில் இணையாக ஓட்டுங்கள். வணிகத் திரவத்திலும் குறையவில்லை என்றால் பழி துகளின் மேல் இல்லை, வரிசையையோ ப்ரைமரையோ பாருங்கள்.

24 முதல் 48 மணி நேரத்தில் எம்ஆர்என்ஏவை நிகழ்நேர பி.சி.ஆரில் அளங்கள். ஒப்பீட்டு மரபணு மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஜிஏபிடிஹெச்சையே அடக்கிவிட்டு ஜிஏபிடிஹெச்சையே ஒப்பீடாக வைக்கக் கூடாது. பி.சி.ஆரில் ஒளிர்வு எல்லையைத் தாண்டும் சுழற்சி எண் ஒன்று தள்ளிப்போனால் பாதி மிச்சம், இரண்டு என்றால் கால்வாசி, 3.3 என்றால் பத்தில் ஒன்று. புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் 48 முதல் 72 மணி நேரத்தில் பாருங்கள். நீண்ட ஆயுளுள்ள புரதம் எம்ஆர்என்ஏ விழுந்த பிறகும் சில நாள் அப்படியே இருக்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

சாயம் ஒட்டிய எஸ்ஐஆர்என்ஏ படம் எடுத்தால், தெளிவான புள்ளிகளாகத் தெரிவது எண்டோசோமில் மாட்டியிருப்பவை. செல் முழுக்க மங்கலாகப் பரவியிருப்பதுதான் தப்பியவை, அது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. படம் பிரகாசமாக இருந்தும் பி.சி.ஆரில் எதுவும் நகரவில்லை என்றால் சிக்கல் தப்பித்தலில் இருக்கிறது. பி.கே.ஏ.வையும் பெக் அளவையும் முதலில் மாற்றிப் பாருங்கள், நைட்ரஜன், பாஸ்பேட் விகிதம் 3-ஐ 6 ஆக்கிப் பாருங்கள். படமும் மங்கல், பி.சி.ஆரும் அசையவில்லை என்றால் துகள் உள்ளேயே போகவில்லை. சீரத்தையும் துகளின் அளவையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இது மூன்று தனித்தனித் தொகுதித் துகள்களில் ஒரே மாதிரி வந்த பிறகு எலிக்குப் போவதைப் பற்றிப் பேசலாம். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தாமதமாகும் என்பதால் செல் சோதனை நடக்கும்போதே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். அதோடு எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) சோதனைக்கான கிட்டையும் இப்போதே ஆர்டர் செய்துவிடுங்கள். அசுத்தமான துகள் எலியில் எழுப்பும் அழற்சி, மரபணு அடங்கியதன் விளைவைப் போலவே தரவில் தோற்றம் தரும்.